லீட்ஸ் நகரில் நடந்தது என்ன?
இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

நாடகம் காணச் செல்வோர் இறுதியில் ஒன்றை எதிர்பார்ப்பது இயல்பு. குற்றம் செய்தவர் யார், பழி சுமந்தவர் யார், பிரிந்தவர் கூடினரா என்பது தெரிந்துவிட்டால் நிறைவோடு எழுந்து வீட்டுக்கு நடையைக் கட்டலாம். அவ்விதம் எதையும் தெரிவிக்காமலே முடிந்துபோகும் நாடகம் ஒன்றுண்டு. ஆங்கில நாடக ஆசிரியர் ஹெரால்டு பின்டர் எழுதிய 'தி கலெக்‌ஷன்' என்பதே அது. இதன் தொலைக்காட்சி வடிவத்தை நம் கல்லூரி ஆங்கிலத் துறையினர் சென்ற பருவத்தில் திரையிட்டனர். அறிவியல் மாணவர்களும் வரலாம் என்றதால் கடைசி வரிசையில் இடம்பிடித்துப் பார்த்தேன். பிறகு நூலகத்தில் நூலை எடுத்து, அகராதியும் கையுமாக மூன்று முறை படித்தேன். ஒரு முறை படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் என்னிடம் இல்லை. ஆயினும் இந்நாடகத்தில் புரியாமல் நிற்பது ஆங்கிலம் அன்று என்பதை மூன்றாம் முறை படித்தபோது உணர்ந்தேன்.

'கலெக்‌ஷன்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடைப் பலகைதோறும் 'நியூ கலெக்‌ஷன்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். இந்நாடகத்திலும் அதே பொருள்தான். புதிய ஆடை வகைகளைத் தொகுத்து வணிகர்களுக்குக் காட்டும் கண்காட்சி ஒன்று லீட்ஸ் நகரில் நடக்கிறது. அங்கே போய் வந்த இருவரைப் பற்றிய கதை இது. பின்டரின் தந்தை பெண்களுக்கான உடை தைக்கும் தையற்காரர். 1930ஆம் ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியான ஹாக்னியில் பிறந்த இவர், நடிகராகத் தொழில் தொடங்கி, நாடக ஆசிரியராகப் புகழ்பெற்று, 2005இல் நோபல் பரிசு பெற்றார், 2008இல் காலமானார். என் அம்மாவும் வீட்டில் ரவிக்கை தைப்பவர். தையற்காரர் வீட்டுப் பிள்ளை நோபல் பரிசு வரை போயிருக்கிறார் என்று நான் சொன்னபோது அம்மா தையல் எந்திரத்தை ஒரு நிமிடம் நிறுத்தினார்; அது போதும்.

இனிக் கதைக்கு வருவோம். பாத்திரங்கள் நால்வர். ஜேம்ஸும் ஸ்டெல்லாவும் கணவன் மனைவியர். இருவரும் சேர்ந்து துணிக்கடை நடத்துகின்றனர். லண்டனில் செல்சீ பகுதியில் வசிக்கின்றனர். பெல்கிரேவியா என்னும் செல்வர் பகுதியில் உள்ள வீடு ஹாரியுடையது. அவர் வீட்டில் அவரோடு வாழ்பவன் பில் என்ற இளைஞன், ஆடை வடிவமைப்பாளன். அதிகாலை நான்கு மணிக்கு ஹாரியின் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது. பெயர் சொல்லாத ஒரு குரல் பில்லைக் கேட்கிறது. அந்தக் குரல் ஜேம்ஸினுடையது. லீட்ஸ் நகர ஓட்டலில் தன் மனைவிக்கும் பில்லுக்கும் இடையே தவறு நிகழ்ந்துவிட்டது என்பது அவன் குற்றச்சாட்டு. அவளே அதைத் தன்னிடம் ஒப்புக்கொண்டாள் என்றும் சொல்கிறான்.

இங்கிருந்து ஒன்றுக்கொன்று ஒவ்வாத வாக்குமூலங்கள் வரிசையாக வருகின்றன. லீட்ஸ் பக்கமே நான் போகவில்லை என்கிறான் பில். சற்று நேரத்தில், மின்தூக்கி அருகே சில நிமிடம் முத்தமிட்டோம், அவ்வளவுதான் என்கிறான். உன்னோடு அவள் இருந்தபோது நான் தொலைபேசியில் பேசினேன், நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய் என்று ஜேம்ஸ் சொல்ல, உட்கார்ந்திருக்கவில்லை, படுத்திருந்தேன் என்று திருத்துகிறான். பெருங்குற்றத்தை மறுக்காமல் சிறு சொல்லை மட்டும் திருத்துகிற இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையைச் சொல்கிறானா, வந்தவனைச் சீண்டுகிறானா? இரண்டுக்கும் அந்த ஒரு சொல் பொருந்துகிறது.

பிறகு ஹாரி, ஸ்டெல்லாவைத் தேடிப் போகிறார். அவளோ பில்லை நான் பார்த்ததே இல்லை, என் கணவர் திடீரென்று இப்படி ஒரு கதையைக் கட்டிக்கொண்டு அலைகிறார் என்கிறாள். ஹாரி வீடு திரும்பும்போது ஜேம்ஸ் அங்கே பில்லோடு கத்தியை வைத்து ஒரு விபரீத விளையாட்டில் ஈடுபட்டிருக்கிறான். அவன் எறிந்த கத்தியைக் கையால் பிடித்த பில்லின் கையில் காயம். அப்போது ஹாரி சொல்லும் செய்தி வேறு: எல்லாவற்றையும் தானே கற்பனை செய்ததாக ஸ்டெல்லா ஒப்புக்கொண்டாள் என்கிறார். கடைசியில் பில் மற்றொன்று சொல்கிறான். ஓட்டலின் கூடத்தில் ஒரு சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அறைக்குப் போனால் என்ன செய்வோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அறைக்குப் போகவேயில்லை என்கிறான். ஜேம்ஸ் வீட்டுக்கு ஓடி வந்து, இதுதான் உண்மை அல்லவா என்று மனைவியைக் கேட்கிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. நாடகம் முடிகிறது.

திரையிடல் முடிந்ததும் வகுப்பறையில் ஒரே கூச்சல். போனார்களா, போகவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். நானும் வாதிட்டேன். ஆனால் நூலைப் படித்தபின், இந்த வாதத்தில் எல்லோரும் ஒன்றைத் தவற விட்டோம் என்று தோன்றுகிறது. லீட்ஸில் நடந்தது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதைப்பற்றிச் சொல்லப்படும் எதையும் மெய் என்றோ பொய் என்றோ நாம் நிறுவ முடியாது. ஸ்டெல்லா கணவனிடம் ஒப்புக்கொண்ட காட்சிகூட நாடகத்தில் இல்லை. ஜேம்ஸின் வாய்வழியாகவே அதைக் கேட்கிறோம். ஆனால் ஸ்டெல்லா ஹாரியிடம் பேசியது நம் கண்முன் நடந்தது. அவள் சொன்னது, கணவர் கட்டிய கதை என்பது. ஹாரி போய்ச் சொன்னது, அவள் கட்டிய கதை என்பது. இவ்வளவு பொய்களின் நடுவே ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கக்கூடிய பொய் இது ஒன்றே. அதைச் சொன்னவர் லீட்ஸுக்கே போகாத, நால்வரில் மிகக் கண்ணியமானவராகத் தோன்றுகிற ஹாரி.

ஏன் சொன்னார்? கதையை அவள் தலையில் போட்டுவிட்டால் ஜேம்ஸ் மானத்தோடு வீடு திரும்பலாம். பில் குற்றமற்றவனாகத் தம் வீட்டிலேயே இருப்பான். ஆடவர் மூவருக்கும் வசதியான ஏற்பாடு. அதன் விலையாக, அந்த அறையில் இல்லாத பெண்ணொருத்தி பொய்க்காரி ஆகிறாள்.

இதை எழுதும்போது என் பெரியப்பா மகள் நினைவு வருகிறது. அக்காவுக்கு முடிவாகியிருந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. பேருந்து நிறுத்தத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள் என்று ஒரு சொல் வந்தது. அது பத்து நிமிடம் என்றார் ஒருவர், ஒரு மணி நேரம் என்றார் இன்னொருவர், தினமும் என்றார் மூன்றாமவர். பெரியவர்கள் கூடிப் பேசி, மாப்பிள்ளை வீட்டார்க்கும் நம் வீட்டார்க்கும் தலைகுனிவில்லாதபடி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தனர். அக்காவுக்குத்தான் படிப்பை முடிக்கும் வரை மணம் வேண்டாமாம். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. பழந்தமிழர் இதற்கு 'அலர்' என்று பெயரிட்டனர். அலர் தூற்றுவோர் மட்டுமே கெடுதி செய்வர் என்று எண்ணியிருந்தேன். அலரை அடக்க முன்வரும் நல்லவர்களும் செய்வர் என்பதை ஹாரியைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன்.

இனி மேடைக்கும் சின்னத்திரைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். இந்நாடகத்தின் வரலாறே சுவையானது. இது முதலில் பிறந்தது தொலைக்காட்சிக்காக. 1961 மே மாதம் அசோசியேட்டட் ரிடிஃப்யூஷன் நிறுவனம் இதை ஒளிபரப்பியது. இயக்கியவர் ஜோன் கெம்ப்-வெல்ச் என்ற பெண்மணி. மறு ஆண்டே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியார் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் மேடையேற்றினர். பீட்டர் ஹாலும் பின்டரும் சேர்ந்து இயக்கினர். 1976இல் கிரனடா தொலைக்காட்சி, லாரன்ஸ் ஒலிவியர் பெயரால் வழங்கிய நாடகத் தொடரில் மீண்டும் சின்னத்திரைக்கு வந்தது. மைக்கேல் ஆப்டெட் இயக்கினார். ஒலிவியர் ஹாரியாகவும், ஆலன் பேட்ஸ் ஜேம்ஸாகவும், மால்கம் மெக்டவல் பில்லாகவும், ஹெலன் மிரன் ஸ்டெல்லாவாகவும் நடித்தனர். நாங்கள் பார்த்தது இதுதான். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு போய், மீண்டும் பிறந்த வீடு வந்த நாடகம் எனலாம்.

மேடையில் இரு வீடுகளும் ஒரே சமயத்தில் நம் கண்முன் இருக்கின்றன. ஒரு பக்கம் ஹாரியின் வீடு, மறு பக்கம் ஜேம்ஸின் வீடு, பின்னால் நடுவே தொலைபேசிக் கூண்டு. ஒரு வீட்டில் ஒளி கூட, மற்றது மங்கலில் நிற்கும். ஜேம்ஸும் பில்லும் அவளைப்பற்றிப் பேசும்போது, விரும்பினால் நாம் மங்கிய பக்கத்தைப் பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்பது நம் உரிமை. தொலைக்காட்சியில் அந்த உரிமை காமிராவுக்குப் போய்விடுகிறது.

ஏன் தொலைக்காட்சியும் மேடை முழுவதையும் அப்படியே காட்டக்கூடாது? இதற்கு இயற்பியல் விடை சொல்கிறது. 1961இல் பிரிட்டனில் படத்தை 405 கிடைக்கோடுகளாகப் பிரித்து அனுப்பினர்; வண்ணமும் கிடையாது. மேடையின் அகலம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். படத்தின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், திரையில் அடங்கும் உயரம் 30 அடி. எல்லாக் கோடுகளும் படத்துக்கே பயன்பட்டாலும் ஓர் அடிக்குப் பதின்மூன்றரைக் கோடுதான் வரும். முகத்தின் நீளம் முக்கால் அடி என்றால், ஒரு முகத்துக்குக் கிடைப்பவை பத்துக் கோடுகள். 1976இல் 625 கோடுகளும் வண்ணமும் வந்துவிட்டன. அப்போதும் பதினைந்து, பதினாறு கோடுகளே. மாறாக, அரங்கில் 60 அடி தொலைவில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு அதே முகம் ஏறத்தாழ 43 கோணத்துளிகள் விரிகிறது. நல்ல கண் ஒரு துளியைப் பிரித்தறியும். ஆகவே நாற்பதுக்கு மேற்பட்ட பகுதிகளாக அம்முகத்தைக் காண முடியும். பத்துக் கோட்டில் வரைந்த முகத்தில் கண்ணும் வாயும் இருக்குமிடம் தெரியும்; அந்த வாய் எதை மறைக்கிறது என்பது தெரியுமா? எனவே காமிரா நெருங்கியே தீரவேண்டும். முகம் திரையின் பாதி உயரத்தை நிறைத்தால் இருநூறு கோடுகளுக்கு மேல் கிடைத்துவிடும்.

நெருங்கிய உடனே வேறொரு சிக்கல் பிறக்கிறது. ஒருவர் முகத்தைக் காட்டும்போது மற்றவர் முகம் மறைகிறது. பில் பேசும்போது பில்லைக் காட்டுவதா, கேட்கும் ஜேம்ஸைக் காட்டுவதா? பில்லைக் காட்டினால் அவன் பொய் சொல்கிறானா என்று ஆராய்வோம். ஜேம்ஸைக் காட்டினால், எந்தப் பொய்யை இவன் நம்ப விரும்புகிறான் என்று ஆராய்வோம். இரண்டும் வேறு வேறு நாடகங்கள். சிறிது அசட்டையாக இருந்தால் காமிராவே விடையைச் சொல்லிவிடும். யாரோ ஒருவர் கண்ணை ஓர் இமைப்பொழுது கூடுதலாகக் காட்டினால் தீர்ந்தது, மர்மம் போயிற்று.

ஆப்டெட் வடிவத்தில் நான் மிகவும் மெச்சுவது, அதில் இல்லாத ஒன்றைத்தான். லீட்ஸ் ஓட்டல் திரையில் வரவேயில்லை. மேடைக்கு அந்த வசதி குறைவு. சின்னத்திரைக்கோ, 'அன்று நடந்தது' என்று ஒரு காட்சியைக் காட்டுவது மிக எளிது. நம் திரைப்படங்களில் ஒருவர் பழைய கதையைச் சொல்லத் தொடங்கியவுடன் திரை அலையலையாக நெளிந்து பழைய நாளுக்குப் போய்விடுமே, அதுபோல. அப்படிக் காட்டிய எதையும் நாம் உண்மையென நம்பிவிடுவோம். வசதியிருந்தும் விலக்கினர்.

ஒலிவியர் நடிப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நாடக நூலில் ஹாரி நாற்பதுகளில் இருப்பவர். ஒலிவியர் 1907இல் பிறந்தவர்; இதில் நடித்தபோது வயது 69. இந்த வயது வேறுபாடு உறவையே மாற்றிவிடுகிறது. ஹாரிக்கும் பில்லுக்கும் என்ன உறவு என்று நாடகம் எங்கும் சொல்லவில்லை. காலை உணவின்போது மாடிப்படிக் கம்பளத்தைப் பிடிக்கும் கம்பி கழன்றிருப்பதற்காகச் சண்டையிடுகின்றனர். நான் கழுத்தை முறித்துக்கொண்டிருப்பேன், நீ சரிசெய்யக் கூடாதா என்று ஒருவர் கடிய, மற்றவன் முணுமுணுக்க, நெடுநாள் மணவாழ்வில் இருப்போர் போலவும் இருக்கிறது, முதலாளி வேலையாள் போலவும் இருக்கிறது. நடிப்பவர் 69 வயதினர் என்றதும் தந்தை மகன் என்றொரு நிழலும் சேர்ந்துகொள்கிறது. நூலில் இல்லாத இந்த நிழல் எனக்கு நட்டமாகப் படவில்லை.

பெயர் சொல்லாததற்குக் காலமும் ஒரு காரணம். ஆடவர் இருவரின் உடலுறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த நாளில் எழுதப்பட்ட நாடகம் இது. அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று உல்ஃபென்டன் குழு 1957இல் பரிந்துரைத்தும், சட்டம் 1967இல்தான் ஓரளவு தளர்ந்தது. மேடை நாடகங்களுக்கு லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி 1968 வரை இருந்தது. ஆனால் அச்சம் ஒன்றால் மட்டும் பின்டர் வாய்மூடினார் என்று நான் கருதவில்லை. கணவன் மனைவி என்று ஊரறியப் பெயர் வைத்த உறவும் இதில் அதே அளவு இருட்டில்தானே இருக்கிறது! பில்லைக் கண்டிக்கப் போன ஜேம்ஸ், அவனைச் சந்தித்துவிட்டு வந்து மனைவியிடம் அவனைப் புகழ்கிறான். நல்ல ரசனையுள்ளவன் என்கிறான். அதைக் கேட்டு அவள் அழுகிறாள். அந்தப் போக்குவரவுக்கு என்ன பெயர் வைப்பது?

இந்நாடகத்தில் என்னைச் சுட்ட இடம் ஒன்று. இறுதியில் ஹாரி, பில் பிறந்த சேரியைச் சொல்லி இகழ்கிறார். சேரியிலிருந்து எடுத்து வந்து, வீடும் தொழிலும் கொடுத்தேன், ஆனாலும் சேரிப்புத்தி போகவில்லை என்னும் பொருளில் பேசுகிறார். பில் வாய்திறக்காமல் இருக்கிறான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவிய உறவினர் ஒருவர், எந்த விசேஷத்தில் கண்டாலும், நாலுபேர் கேட்க, "நான் கட்டலேன்னா இந்தப் பொண்ணு இந்நேரம் பனியன் கம்பெனியிலதான்" என்பார். அவர் உதவியது உண்மை. நான் சிரித்துக்கொண்டு நிற்பதும் உண்மை. இயக்குநர் ஆப்டெட், பல வர்க்கத்துக் குழந்தைகளை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்துத் தொடர்ந்த 'அப்' ஆவணப்பட வரிசைக்குப் புகழ்பெற்றவர். வர்க்கம் மனிதன் முகத்தில் எங்கே எழுதியிருக்கும் என்பதை அறிந்த கண் அவருடையது. ஒலிவியர் அந்த வசவுகளைக் குரல் உயர்த்தாமல், நயமாக, ருசித்துச் சொல்கிறார். கேட்டிருக்கும் பில்லின் மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம்.

ஹெலன் மிரன் கடைசியில் காட்டும் மௌனம் அதனின் வேறானது. பின்டர் தம் குறிப்பில் அம்முகம் நட்பும் பரிவும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறார். கோபமும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை. இவ்வளவு நேரம் மூவர் தன்னைப்பற்றி மூன்று விதமாகத் தீர்மானித்துவிட்ட பிறகு, நான்காவது தீர்மானத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்து நிற்பவனைப் பரிவோடு பார்க்கிறாள். போடவில்லை.

இந்நாடகத்தின் முதற்பகுதியைத் தமிழாக்கி முத்தமிழ் விழாவில் நடிக்கலாம் என்று நானும் தமிழ் இலக்கியம் பயிலும் தோழி ஒருத்தியும் முயன்று வருகிறோம். அப்போதுதான் எதிர்பாராத இடர் ஒன்று எழுந்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ' ஒன்றே. ஹாரி பில்லை அழைப்பதும், பில் ஹாரியை அழைப்பதும், ஜேம்ஸ் தன் எதிரியை அழைப்பதும் அதே சொல்தான். உறவை மூடிவைக்க அச்சொல் எவ்வளவு உதவுகிறது என்பது தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் தெரிகிறது. தமிழில் வாய் திறந்தவுடன் உறவு வெளிப்பட்டுவிடும். பில், ஹாரியை 'நீங்க' என்றால் வேலையாள் அல்லது வளர்ப்புப் பிள்ளை. 'நீ' என்றால் சமமானவன். 'அண்ணே' என்றால் கதையே வேறு. ஜேம்ஸ் பில்லிடம் 'நீங்க' என்று தொடங்கி எந்த வரியில் 'நீ'க்கு இறங்குவான்? கட்டிலைப் பற்றிய பேச்சு வரும்போதா, அதற்கு முன்பா? இறங்கிய பிறகு அது பகையின் 'நீ'யா, நெருக்கத்தின் 'நீ'யா? ஸ்டெல்லா கணவனை 'என்னங்க' என்பாளா, பெயர் சொல்லி அழைப்பாளா?

ஜேம்ஸ் இறங்கும் இடத்தை முடிவு செய்துவிட்டோம். பில் தடுமாறித் தரையில் விழும்போது. ஸ்டெல்லா பெயர் சொல்லியே அழைக்கட்டும் என்றும் முடிவாயிற்று. இருவரும் கடையில் கூட்டாளிகள் அல்லவா? காலை உணவுக் காட்சிதான் நகரவில்லை. முன்னிலை வினையே வராதபடி பில்லின் வரிகளை எழுதிப் பார்த்தோம். "காபி சூடா இருக்கு," "கம்பிய நாளைக்குப் பாக்கலாம்" என்பது போல ஆறு வரி வரை ஓடுகிறது. ஏழாவது வரியில் அவன் ஹாரியை உட்காரச் சொல்ல வேண்டும்.